சாகப் பயப்படுகிறவர் விசுவாசி இல்லையா?

பாளைக்காரி
திங்கள், இரவு 11:52

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 71. கணையத்தில் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முப்பது வருடத்துக்கு மேல் சண்டே ஸ்கூல் நடத்தியவர்கள். தெருவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து பாட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அம்மா இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு "பயமா இருக்குட்டி" என்கிறார்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபையிலிருந்து நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். அவர்களிடமும் அம்மா அதையே சொல்லிவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர், "இத்தனை வருஷம் விசுவாசியா இருந்துட்டு இப்படிப் பேசலாமா? சாட்சி கெட்டுப் போகும்லா" என்றார். அதோடு அம்மா வாயை மூடிக்கொண்டார்கள். பகலில் வருகிறவர்களிடம் சிரிக்கிறார்கள். விளக்கை அணைத்தால் நடுக்கம்.

எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. சாவைக் கண்டு பயந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா? அம்மாவிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

விசுவாசச் சேவகன்
செவ்வாய், காலை 5:20

சகோதரி, தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை. 2 தீமோத்தேயு 1:7. பயம் எங்கிருந்து வருகிறது என்று இதிலிருந்தே தெரியும். அதைக் கடிந்துகொண்டு ஜெபிக்க வேண்டும். குணமாகும் என்று அறிக்கை செய்யச் சொல்லுங்கள். "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் சொன்னதை ஏன் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

குரும்பூர் ஜெபா
செவ்வாய், காலை 6:05

ஜெபிக்கிறோம் அக்கா.

ஓய்வுபெற்ற நர்ஸ்
செவ்வாய், காலை 9:31

தங்கச்சி, மேலே எழுதியிருக்கும் தம்பிக்கு நான் அப்புறம் பதில் சொல்கிறேன். முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. எதை நினைத்துப் பயம் என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

34 வருடம் நர்ஸாக இருந்தேன். கடைசி 11 வருடம் தணிப்பு சிகிச்சை வார்டில், அதாவது குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் வார்டில். "பயமாக இருக்கிறது" என்று சொன்னவர்களிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் செத்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேச மாட்டார்கள். வலி தாங்க முடியாமல் கத்திவிடுவேனோ, மூச்சு முட்டுமோ, படுக்கையில் மலம் போய் மருமகள் முகம் சுளிப்பாளோ, கல்யாணமாகாத மகன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான். இப்படித்தான் வரும். இதில் பாதிக்கு மருந்து இருக்கிறது. மருந்து இருக்கிற பயத்துக்கு வசனத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பாது. வசனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

எங்கள் துறையில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மாவின் பெயரைச் சொல்லாமல் யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள். லண்டனில் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், நாற்பதை நெருங்கும்போது டாக்டர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1948இல் அவர் கவனிப்பில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. இருந்த 500 பவுண்டுப் பணத்தை இந்த அம்மாவுக்கு எழுதி வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றாராம். அந்த வீடு எழும்ப 19 வருடம் பிடித்தது. 1967இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்தான் அது, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு ஊசி போடுவதுதான் அன்றைய வழக்கம். இவர் வலி வருவதற்கு முன்பே மணி பார்த்து மார்ஃபின் கொடுக்கச் சொன்னார். உடம்பு வலி, மன வலி, குடும்பத்துக் கவலை, ஆத்துமத்தின் கேள்வி எல்லாம் சேர்ந்த ஒரே வலி என்றார். 2005இல் அதே இல்லத்தில்தான் அவரும் இறந்தார்.

அம்மாவுக்கு இப்போது வலிக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

இறையியல் மாணவன்
செவ்வாய், மதியம் 1:14

விசுவாசச் சேவகன் அண்ணனுக்கு: அந்த வசனம் சாகக் கிடக்கிறவருக்கு எழுதப்பட்டதல்ல. ஊழியத்தில் தயங்கி நின்ற தீமோத்தேயுவுக்குத் தைரியம் சொல்லி எழுதியது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நடந்ததை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தடவை ஜெபித்தவருக்கும் பயமுள்ள ஆவி என்பீர்களா?

அக்கா, எனக்குப் பிடித்த ஒரு சம்பவம். ஜான் வெஸ்லி 1728லேயே குருப்பட்டம் பெற்றவர். 1736 ஜனவரியில் சிம்மண்ட்ஸ் என்ற கப்பலில் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போகிறார், செவ்விந்தியருக்குச் சுவிசேஷம் சொல்ல. 25ஆம் தேதி பெரும் புயல். நடுப்பாய் கிழிந்து, தளத்துக்குள் தண்ணீர் கொட்டுகிறது. இங்கிலாந்துக்காரர்கள் அலறுகிறார்கள். அதே கப்பலில் மொரேவியர் என்ற ஜெர்மானியக் கூட்டம் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தது. அலை அடித்தபோதும் பாட்டை நிறுத்தவில்லை. வெஸ்லி பிறகு அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார். பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை? எங்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாகப் பயமில்லை என்று பதில்.

வெஸ்லிக்கு இருந்தது பயம்தான். அதை அவர் மறைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும்போது, தன்னுடையது நல்ல கோடைக்காலத்துப் பக்தி என்று நாட்குறிப்பில் எழுதினார். (அவர்கள் ஊரில் கோடைதான் இதமான காலம். நமக்கு அக்னி நட்சத்திரம்.) ஆபத்து இல்லாதபோது நன்றாகப் பேசுகிறேன், மரணம் முகத்துக்கு நேரே பார்த்தால் கலங்கிப்போகிறேன் என்று எழுதினார். பிரசங்கியாரே இப்படி எழுதியிருக்கும்போது சண்டே ஸ்கூல் டீச்சர் சொல்லக் கூடாதா?

அந்த மொரேவியர்களுக்குத் தைரியம் கப்பலில் வைத்து வந்ததல்ல. அவர்களுடைய ஹெர்ன்ஹூட் ஊரில் 1732இல் ஈஸ்டர் விடியற்காலை வாலிபர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நின்று பாடினார்கள். இன்றுவரை அந்தச் சபையில் அந்த வழக்கம் இருக்கிறது. வருடா வருடம் கல்லறை நடுவே நின்று பாடிப் பழகிய சபை அது.

பாளைக்காரி
செவ்வாய், இரவு 10:40

நர்ஸ் அக்கா, கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே திரும்பக் கேட்டேன். "உங்க அப்பா செத்த மாதிரி நானும் சாவனோ" என்றார்கள்.

அப்பாவுக்கு 1998இல் வாயில் புற்று. கடைசிப் பத்து நாள் அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது. எனக்கு அப்போது 19 வயது. அம்மாதான் பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் அதைப் பற்றி 27 வருடமாகப் பேசியதே இல்லை என்று இன்றைக்குத்தான் உறைத்தது. நான் இவ்வளவு நேரம் பரலோகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்தப் பத்து நாளை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

வலிக்கு டிரமடால் கொடுக்கிறோம். ராத்திரி நிற்பதில்லை.

மாணவன் தம்பி, எங்கள் ஊரிலும் உயிர்த்தெழுந்த ஞாயிறு கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அம்மா, அப்பாவின் கல்லறையைப் பெருக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் காலி இடத்தையும் பெருக்குவார்கள். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்
செவ்வாய், இரவு 11:15

நாளைக்கே தணிப்பு சிகிச்சை பார்க்கிற டாக்டரிடம் போய் இதை அப்படியே சொல்லுங்கள். மார்ஃபின் வேண்டியிருக்கலாம். அது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் கிடைக்கும். "பழக்கமாகிவிடும்", "சீக்கிரம் கொண்டுபோய்விடும்" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சரியான அளவில் கொடுத்தால் இரண்டும் இல்லை. அப்பா காலத்தில் இந்த மருந்து கைக்கு வருவதே பெரும்பாடு. 2014இல் சட்டத்தைத் திருத்தி விதிகளைத் தளர்த்தினார்கள். அப்பாவுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்க வேண்டும் என்றில்லை என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்த் தாத்தா
புதன், காலை 7:48

வணக்கம். எங்கள் ஊர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஸ்வார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது, 1779இல் கட்டியது. உள்ளே மேற்குப் பக்கம் போனால் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம். லண்டனில் ஜான் பிளாக்ஸ்மேன் செதுக்கியது. சாகக் கிடக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் நிற்கிறார். தலைமாட்டில் கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரி. கட்டிலருகே பள்ளிப் பிள்ளைகள். சிற்பம் செய்யச் சொன்னதும் சரபோஜிதான். அவர் கடைசிவரை இந்து. ஸ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் இறந்தார். 48 வருடம் இந்த மண்ணில் இருந்தவர்.

மிஷனரிகள் சொல்லும் கதை ஒன்று உண்டு. மூச்சு அடங்கிவிட்டது என்று நினைத்து கெரிக்கே அவருக்குப் பிடித்த பாட்டைப் பாட ஆரம்பித்தாராம். முதல் சரணம் முடிந்ததும் படுக்கையிலிருந்து அவர் குரலும் சேர்ந்து பாடியதாம்.

சின்ன வயதில் அந்தச் சிற்பத்தைப் பார்த்தால் எனக்கு ராஜாவின் தலைப்பாகைதான் தெரியும். இப்போது 78 ஆகிறது. பிடித்திருக்கும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சந்தேகத் தோமா
புதன், காலை 10:22

பாளைக்காரி அக்காவுக்கு என் அன்பு. ஆனால் இந்தமாதிரி மரணப்படுக்கைக் கதைகளை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மிஷன் அறிக்கைக்குப் பணம் அனுப்பியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். பாதிரியார் அலறிக்கொண்டு செத்தார் என்று யார் எழுதி அனுப்பியிருப்பார்கள்?

போன்ஹோஃபர் கதையும் அப்படித்தான். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர், 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். முழங்காலிட்டு ஜெபித்தார், சில நொடிகளில் அமைதியாக இறந்தார் என்று முகாம் மருத்துவர் பத்து வருடம் கழித்து எழுதியதைப் பிரசங்க மேடையில் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சாட்சியத்தில் பெரும்பகுதி நம்பத்தக்கதல்ல என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நாஜி முகாமில் வேலை பார்த்த டாக்டர் தன் கையைக் கழுவிக்கொள்ள எழுதியதாக இருக்கலாம்.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் "பயமாக இருக்கிறது" என்று சொல்ல வெட்கம் வருகிறது. உங்கள் அம்மாவை வாயடைக்க வைத்ததும் இதுதான்.

இறையியல் மாணவன்
புதன், மதியம் 12:50

தோமா அண்ணா, டாக்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் தூக்கிலிடுவதற்கு முந்தின நாள் போன்ஹோஃபரைக் கூட்டிப்போக ஆள் வந்தபோது கூட இருந்த ஆங்கிலேயக் கைதி பெய்ன் பெஸ்ட்டிடம் அவர் சொன்னது தனிச் சாட்சியம். "இதுதான் முடிவு. எனக்கு வாழ்வின் தொடக்கம்." அதில் பயமில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

திருமுறைப் பித்தன்
புதன், மாலை 6:33

வேற்று மதத்தவன் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று அப்பர் பாடியிருக்கிறார், பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது. மரண பயம் இல்லாமல் இருப்பது எல்லாப் பக்திக்கும் பொதுதானே? உங்களுடையதில் தனியாக என்ன இருக்கிறது? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். என் தந்தையும் படுக்கையில்தான் இருக்கிறார்.

தஞ்சாவூர்த் தாத்தா
புதன், இரவு 8:10

தம்பி, நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் வேதம் மரணத்தை நல்லது என்று சொல்லவில்லை. கடைசிச் சத்துரு என்கிறது. இறந்துபோன லாசருவின் கல்லறைக்குப் போகும்போது ஆண்டவர் அழுதார், இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். ஆகவே சாவை வெறுக்கவும் அழவும் எங்களுக்கு அனுமதி உண்டு. அந்தச் சத்துருவின் வழியாக ஒருவர் முன்னால் போய்த் திரும்பி வந்திருக்கிறார், அவர் கூட வருவார் என்பதுதான் நம்பிக்கை. உடம்பை உதறிவிட்டு ஆத்துமா தப்பிப்பது என்றுகூட நாங்கள் சொல்வதில்லை. உடம்பும் எழும்பும் என்று சொல்லித்தான் புதைக்கிறோம். கல்லறையில் "நித்திரையடைந்தார்" என்று எழுதுவது அதனால்தான்.

உங்கள் அப்பாவுக்காக இன்றைக்கு ஜெபிக்கிறேன். தப்பாக நினைக்க மாட்டீர்கள்தானே?

திருமுறைப் பித்தன்
புதன், இரவு 8:41

தாராளமாகச் செய்யுங்கள் ஐயா. நானும் அந்த அம்மாவுக்காக ஒரு பதிகம் ஓதினேன்.

மட்டக்களப்பான்
வியாழன், காலை 6:15

நாங்கள் கத்தோலிக்கர். சின்ன வயதில் சுவாமி (பாதிரியார்) எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் போனால் ஆள் முடிந்தது என்று ஊரே சொல்லும். அப்போது அதற்கு "அவஸ்தைப் பூசுதல்" என்று பெயர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு "நோயில் பூசுதல்" ஆகி, சாகும் தறுவாய்வரை காத்திருக்காமல் நோய் கடுமையானதுமே கொடுக்கிறார்கள். ஆனாலும் என் அம்மம்மா சுவாமியைக் கண்டதும் "இப்பவேவா?" என்று கேட்டார். சுவாமி சிரித்துவிட்டார்.

செபமாலை சொல்லும்போது "எங்கள் மரண நேரத்திலும்" என்று ஒவ்வொரு மணிக்கும் வரும். 53 மணி. அம்மம்மா எழுபது வருடம் சொன்னவர். கடைசியில் ஆள் அடையாளம் தெரியாமல் போனபோதும் நாங்கள் சொல்ல அந்த இடத்தில் மட்டும் உதடு அசைந்தது.

2004 சுனாமியில் நாவலடியில் என் பெரியக்காவைக் கடல் கொண்டுபோனது. அவவுக்கு எண்ணெயும் இல்லை, செபமும் இல்லை, கையைப் பிடிக்க ஆளும் இல்லை. அமைதியாகச் செத்தவர்களின் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்காதான் நினைவு. அவவைப் பற்றி எனக்கு எந்தக் கதையும் சொல்லத் தெரியாது. 2019 ஈஸ்டர் அன்று எங்கள் நகரத்தில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிறகு எங்கள் கோயிலில் மறுபடி ஞாயிறு பூசை தொடங்கியபோது வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் போனோம். கடைசி வாங்கில் (பெஞ்சில்), கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூசை முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது கால் நடுங்கியது. அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

விசுவாசச் சேவகன்
வியாழன், காலை 9:02

சகோதரி, நான் சொன்ன விதம் தப்பு. வசனம் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கர்த்தர் குணமாக்க வல்லவர் என்பதை விட மாட்டேன். ஆனால் அம்மாவைக் கடிந்துகொள்ளச் சொன்னது போல் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

நடத்துநர்
வியாழன், காலை 9:30

இழை நல்லபடியாகப் போகிறது. குணமளிக்கும் ஊழியம் பற்றி நீக்கப்பட்ட நான்கு பதிவுகளுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே வேண்டாம்.

பாளைக்காரி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:27

பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். அம்மா இருக்கிறார்கள். மார்ஃபின் ஆரம்பித்து 18 நாள். மூன்றாம் நாளிலிருந்து ராத்திரி தூங்குகிறார்கள். மூச்சு வாங்கும்போது தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, முகத்துக்கு நேரே சின்ன ஃபேன் வைக்கச் சொன்னார் டாக்டர். அது நல்ல குணம் தெரிகிறது.

அப்பாவைப் பற்றிப் பேசினோம். ஒரு ராத்திரி முழுக்க. அம்மா அன்றைக்கு அறைக்கு வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அதைத்தான் இத்தனை வருடம் ஆண்டவரிடம் அறிக்கை செய்துகொண்டே இருந்தார்களாம், மன்னிப்புக் கிடைத்ததா என்று தெரியாமல். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. மறுநாள் எங்கள் சபை ஐயரை (போதகரை) கூப்பிட்டு இராப்போஜனம் (திருவிருந்து) வாங்கினார்கள். ஐயரிடம் பிரசங்கம் வேண்டாம், இருபத்து மூன்றாம் சங்கீதம் மட்டும் மெதுவாக வாசியுங்கள் என்றார்கள். அவர் எண்ணெய் அபிஷேக வரியை விட்டுவிட்டு வாசிக்க, கண்ணைத் திறக்காமலே திருத்தினார்கள், சண்டே ஸ்கூல் பிள்ளையைத் திருத்துகிற மாதிரி.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். நேற்றும் விளக்கை அணைக்காதே என்றார்கள். சாட்சி கெட்டுப்போகும் என்று சொன்ன அந்த அம்மா திரும்பவும் வந்தார். "எனக்குப் பயமாத்தான் இருக்கு, பக்கத்துல உக்காரு" என்று என் அம்மா அவரிடமே சொன்னார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பாவம்.

அடக்கத்துக்கு எந்தச் சேலை என்று எடுத்து வைத்தாயிற்று. வெள்ளை வேண்டாமாம். என் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குச் சேலைதான் வேண்டுமாம். சித்திக்கும் அம்மாவுக்கும் அதில் ஒரு சண்டை.

நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். நாலு நாளாக அம்மாவுக்கு வெளிக்குப் போகவில்லை. மருந்தாலா?

ஓய்வுபெற்ற நர்ஸ்
ஞாயிறு, மாலை 5:03

ஆமாம், மார்ஃபினால்தான். கூடவே தினமும் மலமிளக்கி எழுதியிருக்க வேண்டும், சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே டாக்டருக்கு ஃபோன் போடுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். வாந்தியோ வயிறு உப்புசமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். மார்ஃபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். அரக்குச் சேலைக்கு என் ஓட்டு.